ஈக்வலைசரைத் தொட்டதும் பாட்டு ஏன் கரகரக்கிறது? கிளிப்பிங் இல்லாமல் ஒலியளவு வைக்கும் முறை

ஒலியின் ஒவ்வொரு ஸ்தாயியையும் தனித்தனியே ஏற்றி இறக்க உதவும் ஈக்வலைசரில் பேஸை (அடித்தொனியை) 8 டெசிபல் ஏற்றிவிட்டுப் பாட்டைப் போட்டால் முதல் சில நொடிகள் நன்றாகத்தான் இருக்கும். ட்ரம் விழும் இடம் வந்ததும் சங்கதி தெரிந்துவிடும். 'டம்' என்று உருண்டு வரவேண்டிய அடி 'ட்ரப்' என்று கிழிந்து வரும். அந்தக் கணத்தில் பாடுபவரின் குரலும் சேர்ந்து சொரசொரக்கும். ஸ்பீக்கர் போய்விட்டது, ஹெட்ஃபோன் மட்டம் என்று பலர் முடிவுகட்டிவிடுகிறார்கள். பெரும்பாலும் இரண்டுமே காரணமில்லை. ஒலி கணினியை விட்டு வெளியே வருவதற்கு முன்பே வெட்டுப்பட்டிருக்கிறது. டிஜிட்டல் கிளிப்பிங் என்பது இதைத்தான். இதைத் தவிர்க்கக் காசு செலவில்லை, புதுக் கருவியும் வேண்டாம். எந்த இடத்தில் எவ்வளவு இறக்க வேண்டும் என்று தெரிந்தால் போதும்.

வெட்டுப்படுவது எது?

சிடி தரத்தில் உள்ள பாட்டு, நொடிக்கு 44,100 முறை அளந்து எழுதிய எண்களின் வரிசை. 16 பிட்டில் ஒவ்வோர் எண்ணும் −32,768 முதல் 32,767 வரைதான் இருக்க முடியும். அதற்கு மேல் எழுத எண்ணே கிடையாது. இந்த உச்சியைத்தான் டிஜிட்டல் ஒலியில் 0 டெசிபல் என்கிறோம். அது கூரை. மற்ற அளவுகளெல்லாம் அதற்குக் கீழே, கழித்தல் குறியோடு வரும்.

டெசிபல் கணக்கில் நான்கு எண்கள் நினைவிருந்தால் போதும். 3 டெசிபல் கூட்டினால் அலையின் உயரம் ஏறக்குறைய 1.4 மடங்கு, 6 கூட்டினால் இரண்டு மடங்கு, 12 என்றால் நான்கு, 20 என்றால் பத்து. இப்படி அளந்து எழுதிய ஓர் எண்ணின், அதாவது ஒரு சாம்பிளின், மதிப்பு 30,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை 6 டெசிபல் ஏற்றினால் 60,000 வர வேண்டும். இடமில்லாததால் 32,767 என்றே எழுதப்படும். பக்கத்துச் சாம்பிள்களுக்கும் அதே கதிதான். உருண்டையாக இருந்த அலையின் தலை சீவியது போல் தட்டையாகிறது.

காதில் விழும் சொரசொரப்பு இந்தத் தட்டையிலிருந்து வருவது. 60 ஹெர்ட்ஸ் சுத்தமான அலை மேலும் கீழும் ஒரே அளவில் வெட்டுப்பட்டால் 180, 300, 420 ஹெர்ட்ஸ் என்று பாட்டில் இல்லாத ஒலிகள் புதிதாக முளைக்கும். 60 ஹெர்ட்ஸைச் சரியாகக் கேட்கவைக்க முடியாத சின்ன ஸ்பீக்கர்கூட 180-ஐயும் 300-ஐயும் தெளிவாகத் தரும். அதனால்தான் பேஸை ஏற்றினால் பேஸ் வராமல் கரகரப்பு மட்டும் வருகிறது. இன்னொன்றையும் மனதில் வையுங்கள்: வெட்டுப்பட்ட பிறகு ஒலியைக் குறைத்துப் பயனில்லை. தலை தட்டையான அலை, உயரம் குறைந்த தட்டை அலையாகும், அவ்வளவுதான்.

அண்மைக்காலப் பாடல்களில் பெரும்பாலானவை மாஸ்டரிங் என்ற இறுதிக்கட்டத் தயாரிப்பிலேயே கூரையைத் தொடும்படி சத்தமாக்கப்பட்டு வருகின்றன. அவற்றில் நீங்கள் ஏற்றும் ஒரு டெசிபலுக்குக்கூட இடம் இருக்காது.

ஒலி போகும் பாதை

எந்த ஸ்லைடர் காப்பாற்றும், எது காப்பாற்றாது என்பது பாதையைப் பார்த்தால் புரியும். கோப்பு முதலில், அதை ஒலி எண்களாக விரிக்கும் டிகோடருக்குப் போகிறது. பிறகு பாட்டுகளின் சத்தத்தைச் சமப்படுத்தும் ரீப்ளேகெயின், ஈக்வலைசர், பிளேயரின் வால்யூம், எல்லா மென்பொருளின் ஒலியையும் கலக்கும் இயங்குதளத்தின் மிக்சர், கடைசியாக எண்ணை மின்சாரமாக்கும் டாக். அதற்கப்பால் ஆம்ப்ளிஃபையர்.

நல்ல பிளேயர்கள் உள்ளுக்குள் 32 பிட் ஃப்ளோட் (தசமப் புள்ளி) எண்களில் கணக்குப் போடுகின்றன. ஃப்ளோட்டில் கூரையைத் தாண்டினாலும் எண் அப்படியே இருக்கும், வெட்டு விழாது. 16 அல்லது 24 பிட் முழு எண்ணாக மாற்றி வெளியே அனுப்பும் வாசலில்தான் வெட்டு விழுகிறது. ஆகவே அந்த வாசலுக்கு முன்னால் எங்கே இறக்கினாலும் பிழைத்துக்கொள்ளலாம், தாண்டிய பிறகு இறக்கினால் ஒன்றும் நடக்காது. ஃபூபார்2000 என்ற பிளேயரில் வால்யூம், ஈக்வலைசருக்குப் பின்னால், வாசலுக்கு முன்னால் இருக்கிறது. அங்கே 8 டெசிபல் ஏற்றிவிட்டு வால்யூமை 8 டெசிபல் இறக்கினால் கிளிப்பிங் இல்லை. அதே பாட்டுக்கு விண்டோஸின் வால்யூமைக் குறைத்தால் கரகரப்பு சன்னமாகக் கேட்கும், போகாது.

எல்லா மென்பொருளும் உள்ளே என்ன செய்கிறது என்று நமக்குத் தெரியப்போவதில்லை. அதனால் எங்கும் பொருந்தும் பழக்கம் ஒன்றே: ஏற்றுவதற்கு முன் இறக்கு. ஈக்வலைசரில் இருக்கும் ப்ரீஆம்ப் ஸ்லைடர் இதற்குத்தான். பெயரைப் பார்த்து அது சத்தத்தைக் கூட்டும் கருவி என்று நினைத்து மேலே தள்ளுகிறவர்கள் நிறையப் பேர். அதைக் கீழே இழுக்கத்தான் வேண்டும்.

படி 1: எல்லாவற்றையும் நேராக்குங்கள்

ஈக்வலைசரின் எல்லா ஸ்லைடரும் 0. பிளேயர் வால்யூம் 100%. விண்டோஸில் ஒலிக் கருவியின் பண்புகளுக்குப் போய் பேஸ் பூஸ்ட், லவுட்னஸ் ஈக்வலைசேஷன் போன்ற மேம்பாடுகளை அணைத்துவிடுங்கள். போனில் கேட்பவர்கள் மூன்று இடங்களைப் பார்க்க வேண்டும்: போனின் அமைப்பிலுள்ள ஈக்வலைசர், பாட்டு ஆப்பிலுள்ளது, ஹெட்ஃபோன் நிறுவனத்தின் ஆப்பிலுள்ளது. மூன்றிலும் 'பேஸ் பூஸ்ட்' இருந்தால் மூன்றும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கூடும். ஒரே ஒரு இடத்தில் மட்டும் ஈக்வலைசர் இயங்கட்டும்.

இந்த நிலையில் ஒரு பாட்டைக் கேளுங்கள். இப்போதே கரகரத்தால் சிக்கல் வேறெங்கோ இருக்கிறது. கடைசிப் பகுதிக்குப் போய்விடுங்கள்.

படி 2: முடிந்தவரை குறைத்துத் திருத்துங்கள்

பேஸ் போதவில்லை என்றால் கை தானாகப் பேஸ் ஸ்லைடரை ஏற்றும். அதற்குப் பதில் நடுவையும் மேல் ஸ்தாயியையும் 4 டெசிபல் இறக்கிவிட்டு, ஆம்ப்ளிஃபையரில் ஒலியைக் கூட்டிப் பாருங்கள். காதுக்கு இரண்டும் ஒன்றுதான்; கூரைக்கு இரண்டும் ஒன்றல்ல. குரல் மங்கலாக இருக்கும்போது 3,000 ஹெர்ட்ஸை ஏற்றுவதற்கு முன் 200 முதல் 300 ஹெர்ட்ஸ் வரை உள்ள பகுதியை 2 அல்லது 3 டெசிபல் இறக்கிக் கேளுங்கள். பல நேரம் அதுவே போதும்.

'ராக்', 'பாப்' என்று பெயர் வைத்து வரும் தயார் அமைப்புகளில் இருபுறமும் தூக்கி நடுவில் பள்ளமாக ஒரு வளைவு இருக்கும். அவற்றைத் தேர்ந்தெடுத்ததும் முதலில் ப்ரீஆம்ப் எங்கே நிற்கிறது என்று பாருங்கள்.

படி 3: ப்ரீஆம்ப் கணக்கு

எளிய விதி: வளைவின் மிக உயர்ந்த புள்ளி எத்தனை டெசிபலோ அத்தனையை ப்ரீஆம்பில் கழித்து, கூட ஒரு டெசிபல் சேர்த்துக் கழியுங்கள்.

இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. உயர்ந்த ஸ்லைடர் வேறு, வளைவின் உயர்ந்த புள்ளி வேறு. பக்கத்துப் பக்கத்து பேண்டுகள் (ஒவ்வொரு ஸ்லைடரும் ஆளும் அதிர்வெண் பகுதிகள்) ஒன்றன்மேல் ஒன்று படிந்து கூடும். 60 ஹெர்ட்ஸில் +6, 100 ஹெர்ட்ஸில் +4, இரண்டுக்கும் கியூ (பேண்டின் அகலத்தைக் குறிக்கும் எண்) 1 என்று வைத்தால் எந்த ஸ்லைடரும் 6-ஐத் தாண்டவில்லை. ஆனால் 65, 70 ஹெர்ட்ஸ் பக்கம் கூட்டுத்தொகை 8 டெசிபலுக்கு வந்துவிடுகிறது. ப்ரீஆம்பை −6 என்று வைத்தவருக்கு அங்கே 2 டெசிபல் வெட்டு விழும். −9 வைத்தால் நிம்மதி. வளைவைப் படமாகக் காட்டும் ஈக்வலைசராக இருந்தால் படத்தின் உச்சியைப் பார்த்து எண்ணை எடுங்கள். படம் இல்லாத, ஸ்லைடர் மட்டும் உள்ள ஈக்வலைசரில் அடுத்தடுத்த இரண்டு மூன்று பேண்டுகளை ஏற்றியிருந்தால், உயர்ந்த ஸ்லைடரின் எண்ணோடு 3 சேர்த்துக் கழித்துவிட்டு, பின்னால் சொல்லும் சோதனையைச் செய்து சரிபாருங்கள்.

ஒரு பேண்டைக்கூட ஏற்றவில்லை, எல்லாம் இறக்கம்தான் என்றாலும் அந்த ஒரு டெசிபல் கழிவை விட்டுவிடாதீர்கள். கேட்க விநோதமாக இருக்கும், ஆனால் ஒரு பகுதியை இறக்கும்போதும் அலையின் உச்சி உயரக்கூடும். சதுர அலையை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் மூன்றாம் மேல்சுரம் (அடிப்படை அதிர்வெண்ணின் மூன்று மடங்கில் உள்ள அலை), நடுப்பகுதியில் அலையைக் கீழ்நோக்கி இழுத்துக்கொண்டிருக்கிறது. அதை மட்டும் நீக்கினால் உச்சி 1-இலிருந்து 1.42 ஆகிவிடும், அதாவது 3 டெசிபல் ஏற்றம். சத்தத்துக்காகத் தலையைத் தட்டி இறுக்கிய பாடல்கள் சதுர அலையை ஓரளவு ஒத்தவை. ஆழமான இறக்கம் வைத்திருந்தால் 2 டெசிபல் விடுவது நல்லது.

மென்பொருளுக்கு மென்பொருள்

ஈக்வலைசர் ஏபிஓ விண்டோஸ் முழுவதற்கும் வேலை செய்வது. அதன் கான்ஃபிகரேஷன் எடிட்டரில் முதல் வரியாக ப்ரீஆம்ப்பைச் சேர்த்து −9 என்று கொடுங்கள். ஃபில்டர்கள் அதற்குக் கீழே வரட்டும். கீழுள்ள அனாலிசிஸ் பகுதியில் வளைவும் 'பீக் கெயின்' என்ற எண்ணும் தெரியும். அந்த எண் 0-க்கு மேல் போகக் கூடாது. ஹெட்ஃபோனுக்கென்று யாரோ தயாரித்த அமைப்பை இறக்கிப் பயன்படுத்தினால் அதில் ப்ரீஆம்ப் வரி பெரும்பாலும் சேர்ந்தே வரும். சத்தம் குறைந்துவிட்டதே என்று அந்த வரியை அழித்துவிடாதீர்கள்.

ஃபூபார்2000-இன் சொந்த ஈக்வலைசரில் 18 ஸ்லைடர்கள் உண்டு, ப்ரீஆம்ப் கிடையாது. வேண்டிய வளைவை வைத்த பிறகு 'ஆட்டோ லெவல்' பொத்தானை அழுத்தினால் மிக உயர்ந்த ஸ்லைடர் 0-இல் நிற்கும்படி எல்லாம் ஒன்றாகக் கீழே இறங்கும். படிந்து கூடுவதற்காக இன்னும் 2 டெசிபல் கீழே போவது நம் பொறுப்பு.

விஎல்சியில் டூல்ஸ் மெனு வழியாக எஃபெக்ட்ஸ் அண்ட் ஃபில்டர்ஸ் போனால் ஈக்வலைசர் வரும். இதன் 'ஃப்ளாட்' அமைப்பில் ப்ரீஆம்ப் 12 என்று காட்டும். பயப்பட வேண்டாம். அதன் ஈக்வலைசர் உள்ளே நுழையும் ஒலியை முதலில் 12 டெசிபல் இறக்கிவிட்டுத்தான் வேலையைத் தொடங்குகிறது, ஆகவே 12 என்பதுதான் அங்கே சமநிலை. நம் கணக்கை 12-இலிருந்து கீழே எண்ண வேண்டும்: உச்சி 8 என்றால் 12−9, அதாவது ப்ரீஆம்ப் 3. விஎல்சியின் வால்யூம் 100%-ஐத் தாண்டி 125% வரை போகும். 100-க்கு மேல் போவது, பதிவிலேயே சத்தம் குறைந்த பேச்சுக்கு உதவலாம்; நிரம்பி வரும் பாட்டுக்கு அது கத்தரிக்கோல். லினக்ஸ் மிக்சர்களில் 100%-க்கு மேல் தெரியும் பகுதியும் இதே வகைதான்.

ரீப்ளேகெயின்: உதவியும் ஒரு தவறான நம்பிக்கையும்

ஒரு பாட்டு கத்துகிறது, அடுத்தது முணுமுணுக்கிறது என்ற தொல்லைக்காக 2001-இல் டேவிட் ராபின்சன் முன்வைத்த முறை ரீப்ளேகெயின். பாட்டை முன்கூட்டியே அளந்து, எத்தனை டெசிபல் கூட்டிக் குறைக்க வேண்டும் என்பதையும் அதன் உச்சி எவ்வளவு என்பதையும் கோப்பின் டேகில் (பாட்டின் விவரக் குறிப்பில்) எழுதிவைக்கும். ஒலி எண்கள் தொடப்படுவதில்லை. இரண்டாம் பதிப்பின் இலக்கு −18 எல்யூஎஃப்எஸ் (காது உணரும் சராசரிச் சத்தத்தின் அளவு). −8-இல் இருக்கும் சத்தமான பாட்டு 10 டெசிபல் இறங்கும். அந்த இறக்கம் ஈக்வலைசருக்கு நல்ல இடம் விட்டுத்தரும். ஆனால் −24-இல் இருக்கும் மென்மையான பதிவை அது 6 டெசிபல் ஏற்றச் சொல்லும், அங்கே கிளிப்பிங் வர வாய்ப்புண்டு.

அதற்காகத்தான் 'உச்சியைப் பார்த்துக் கிளிப்பிங்கைத் தடு' என்ற தெரிவு இருக்கிறது. அதைத் தேர்ந்தெடுங்கள். ஆனால் அது பார்ப்பது கோப்பின் உச்சியை மட்டும். ஃபூபார்2000-இல் ரீப்ளேகெயின் ஈக்வலைசருக்கு முன்னால் நடப்பதால், நீங்கள் பின்னால் ஏற்றப்போகும் 8 டெசிபல் அதற்குத் தெரியாது. தடுப்பு போட்டாயிற்று என்று நம்பி ப்ரீஆம்ப்பை விட்டுவிடுவது அடிக்கடி நடக்கும் பிழை. டேக் இல்லாத பாட்டுகளுக்கென்று தனி ப்ரீஆம்ப் ஒன்றும் அதே பக்கத்தில் உண்டு. அதை −8 பக்கம் வைத்தால் டேக் இல்லாத பாட்டு திடீரென்று காதில் அறையாது.

சாம்பிள்களுக்கு நடுவில்

எல்லாச் சாம்பிளும் கூரைக்குள் இருந்தாலும் வெட்டு விழலாம். சாம்பிள்கள் அலையின் மேல் வைத்த புள்ளிகள்தான். டாக் அவற்றை இணைத்து வளைவாக்கும்போது இரண்டு புள்ளிகளுக்கு நடுவே உச்சி எழும்பலாம். சாம்பிள் வேகத்தில் நாலில் ஒரு பங்கு அதிர்வெண்ணில் உள்ள அலையில், புள்ளிகள் உச்சிக்கு இருபுறமும் 45 பாகையில் விழுந்தால் உண்மையான உச்சி 3 டெசிபல் மேலே இருக்கும். எம்பி3 போன்ற சுருக்கிய கோப்புகளை விரிக்கும்போதும் மூலத்தில் இல்லாத உச்சிகள் கூரைக்கு மேல் எழும். நாம் கூடுதலாகக் கழிக்கும் ஒரு டெசிபல் இவற்றில் பெரும்பாலானவற்றைச் சமாளிக்கும்.

லிமிட்டரை எங்கே வைப்பது?

குறித்த அளவைத் தாண்டும் உச்சியை அமுக்கிப் பிடிப்பது லிமிட்டர். அதன் இடம் ஈக்வலைசருக்குப் பின்னால், கடைசிக் கண்ணியாக. ஈக்வலைசருக்கு முன்னால் வைத்த லிமிட்டர் எதையும் காக்காது. அதையும் எப்போதாவது வரும் உச்சிக்கான வலையாக மட்டும் வையுங்கள். ப்ரீஆம்ப்பை விட்டுவிட்டு லிமிட்டரையே நம்பினால் ஒவ்வொரு ட்ரம் அடிக்கும் மொத்தப் பாட்டும் ஒரு கணம் அமுங்கி எழும், மூச்சு வாங்குவது போல. விண்டோஸின் மிக்சரிலும் இப்படியொரு லிமிட்டர் இருப்பதால், சில கணினிகளில் கிளிப்பிங் கரகரப்பாக வராமல் இந்த அமுக்கமாகவே வரும். அறிகுறி வேறு, மருந்து ஒன்றுதான்.

குறைந்த சத்தத்தை எங்கே ஈடுகட்டுவது?

ஆம்ப்ளிஃபையரில், அல்லது ஸ்பீக்கரின் சொந்தக் குமிழில். ப்ரீஆம்ப்பை −9 ஆக்கியதும் பாட்டு உயிரில்லாமல் தோன்றும். அதை நம்பி முடிவெடுக்காதீர்கள். சத்தம் குறைந்தால் எந்தப் பாட்டும் முதலில் மங்கலாகத்தான் தோன்றும். வெளிக்குமிழைக் கூட்டி, ஈக்வலைசர் போட்டபோதும் எடுத்தபோதும் சத்தம் ஒரே அளவாக இருக்கும்படி செய்த பிறகு ஒப்பிடுங்கள்.

இப்படி இறக்கினால் தரம் குறையாதா என்ற கேள்வி நியாயமானது. ஒவ்வொரு 6 டெசிபல் இறக்கத்துக்கும் ஏறக்குறைய ஒரு பிட் போகிறது. வெளியீட்டை 24 பிட்டில் வைத்தால் மொத்த வீச்சு 144 டெசிபல். அதில் 9 போனால் 135 மிச்சம். 16 பிட் பாட்டின் வீச்சே 96 டெசிபல்தான். ஆகவே ஒலிக் கருவியின் பண்புகளில் 24 பிட்டைத் தேர்ந்தெடுத்துவிட்டு இந்தக் கவலையை விடுங்கள்.

சோதித்துப் பார்க்க

ஆடாசிட்டி என்ற ஒலித் திருத்து மென்பொருளில் ஜெனரேட் மெனு வழியாக 70 ஹெர்ட்ஸ் சைன் அலையை 0.9 அளவில் 10 நொடிக்கு உருவாக்கி வேவ் கோப்பாகச் சேமியுங்கள். ஹெட்ஃபோனில் கேட்பதாக இருந்தால் முதலில் ஒலியை நன்றாகக் குறைத்துக்கொள்ளுங்கள். ஈக்வலைசர் இல்லாமல் போட்டால் மிருதுவான ஹும் மட்டும் வரும். படி 3-இல் சொன்ன +6, +4 வளைவை ப்ரீஆம்ப் இல்லாமல் போடுங்கள். ஹும்மோடு தேனீ ரீங்காரம் போல ஒரு 'ஸ்ர்ர்' சேரும். அந்த ஒலியை ஒருமுறை காதில் வாங்கிக்கொண்டால் பாட்டுக்குள்ளும் அடையாளம் தெரியும். ப்ரீஆம்ப்பை −9-க்குக் கொண்டுவந்ததும் ரீங்காரம் போய் ஹும் மட்டும் நிற்க வேண்டும். போகவில்லை என்றால் படி 1-இல் எதையோ அணைக்க மறந்திருக்கிறீர்கள்.

கண்ணால் பார்க்க வேண்டுமா? ஃபூபார்2000-இன் கன்வெர்ட்டரில் ஈக்வலைசரையும் சேர்த்து 16 பிட் வேவாக மாற்றுங்கள். அந்தக் கோப்பை ஆடாசிட்டியில் திறந்து, வியூ மெனுவில் கிளிப்பிங்கைக் காட்டும் தெரிவை இயக்கினால் வெட்டுப்பட்ட இடங்களில் சிவப்புக் கோடுகள் நிற்கும்.

எல்லாம் செய்தும் கரகரத்தால்

ஆம்ப்ளிஃபையர் குமிழைக் குறைத்ததும் கரகரப்பு முற்றிலும் மறைந்தால் அது டிஜிட்டல் கிளிப்பிங் அல்ல. ஆம்ப்ளிஃபையரோ ஸ்பீக்கரோ தாங்கவில்லை, பேஸ் ஏற்றத்தைக் குறைக்க வேண்டும். பாட்டின் உச்சியோடு தொடர்பில்லாமல் கண்ட இடத்தில் 'டிக்' என்று வந்தால் பஃபர் (ஒலியை முன்கூட்டியே சேர்த்துவைக்கும் இடம்) போதவில்லை. பிளேயர் அமைப்பில் பஃபரைக் கூட்டுங்கள். ஈக்வலைசரை அணைத்தும் அதே நொடியில், அதே அடியில் கரகரத்தால் கோப்பே அப்படி வந்திருக்கிறது. ஆடாசிட்டியின் 'கிளிப் ஃபிக்ஸ்' தட்டையான தலையைச் சுற்றியுள்ள வடிவத்தைப் பார்த்து ஊகித்து வளைத்துத் தரும். சில சாம்பிள் அளவு சிறு வெட்டுக்கு அது பரவாயில்லை, நீண்ட வெட்டுக்கு உதவாது. அதே ஆல்பத்தின் பழைய வெளியீடு எங்காவது கிடைத்தால், இரண்டையும் ஆடாசிட்டியில் அடுத்தடுத்துத் திறந்து பாருங்கள். அலைகளின் தலை எதில் உருண்டையாக இருக்கிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள்.